நடையும் நினைவும்: முதுமையில் உடற்பயிற்சி மூளைக்கு எதைத் தருகிறது?

வயதானவர்கள் நடந்தால் மூளை வளரும் என்று நாளிதழ் இணைப்புகளிலும் வாட்ஸப் செய்திகளிலும் அடிக்கடி வரும் கூற்றின் வேரைத் தேடிப் போனால், பெரும்பாலும் ஒரே ஆய்வின் வாசலில்தான் போய் நிற்போம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் கிரேமர், கர்க் எரிக்சன் உள்ளிட்டோர் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு அது. மறதி நோய் இல்லாத, ஆனால் உடற்பயிற்சிப் பழக்கமும் இல்லாத, 55 முதல் 80 வயது வரையிலான 120 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரத்துக்கு மூன்று நாள் நடந்தது. முதல் வாரம் பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டி, ஏழாவது வாரத்தில் நாற்பது நிமிடத்தை எட்டி, இதயத் துடிப்பைக் கவனித்தபடியே ஓராண்டு முடியும்வரை அந்த அளவில் நடந்தது. மற்ற குழுவும் அதே போலக் கூடிப் பயிற்சி செய்தது. ஆனால் அவர்கள் செய்தது மூச்சு வாங்காத பயிற்சிகள். கைகால்களை நீட்டி வளைப்பது, சில யோகாசனங்கள், சமநிலைக்கான பயிற்சி, இலேசான எடை தூக்குவது, அவ்வளவுதான்.

ஆண்டின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப்பட்டது. ஆய்வாளர்கள் குறிப்பாக அளந்தது ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை. காதுகளுக்கு நேர் உள்ளே, மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாகக் கடற்குதிரை போல வளைந்து கிடக்கும் இந்தப் பகுதிதான் இன்று நடந்ததை நாளைக்கு நினைவில் வைக்க உதவுவது. போன வழியில் திரும்பி வரவும் இதுவே உதவுகிறது. முதுமையில் இது ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் வரை சுருங்குவது இயல்பு. மற்ற குழுவினருக்கு ஓராண்டில் சுமார் 1.4 சதவீதம் சுருங்கியும் இருந்தது. நடந்தவர்களுக்கோ இடப்பக்கம் 2.12 சதவீதமும் வலப்பக்கம் 1.97 சதவீதமும் பெருத்திருந்தது. ஓரிரு ஆண்டுகளின் தேய்மானம் திரும்பப் பெறப்பட்டது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். செய்தித்தாள்கள் எடுத்துக்கொண்ட வரி இதுதான்.

எடுத்துக்கொள்ளாத வரி ஒன்று உண்டு. பங்கேற்றவர்களின் நினைவாற்றலும் சோதிக்கப்பட்டது. கணினித் திரையில் ஒன்று முதல் மூன்று புள்ளிகள் தோன்றி மறையும். சில நொடி கழித்து ஒரு சிவப்புப் புள்ளி வரும். அது முன்பு புள்ளி இருந்த இடத்தில்தான் இருக்கிறதா, இல்லையா என்று சொல்ல வேண்டும். இந்தச் சோதனையில் ஓராண்டு கழித்து நடந்தவர்கள் முன்னேறியிருந்தார்கள். நீட்டி வளைத்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்கு முன்னேறியிருந்தார்கள். ஒரு குழுவுக்கு மூளையின் அந்தப் பகுதி பெருத்திருக்கிறது, இன்னொரு குழுவுக்குச் சுருங்கியிருக்கிறது, நினைவுச் சோதனையிலோ இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. நடந்தவர்களுக்குள்ளேயே யாருக்கு ஹிப்போகேம்பஸ் அதிகம் பெருத்ததோ அவருக்கு நினைவும் அதிகம் மேம்பட்டிருந்தது என்பது உண்மை. ஆனால் அது ஒரு குழுவுக்குள் தெரிந்த தொடர்பு மட்டுமே. நடந்தால் நினைவாற்றல் கூடும் என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது.

இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆய்வு நேர்மையானது; அந்த முடிவை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆனால் விட்டுப்போன இந்த வரியைப் புரிந்துகொண்டால், முதுமையில் உடற்பயிற்சி மூளைக்கு என்ன செய்கிறது என்ற கேள்வியில் ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றும் பல இடங்கள் விளங்கிவிடும். மூளையின் கொள்ளளவு வேறு, மூளையின் வேலை வேறு. ஒன்று கூடினால் மற்றதும் கூடும் என்று நாமாகவே எண்ணிக்கொள்கிறோம்.

இதற்கு நேர் எதிரான முடிவு இல்லினாய் ஆய்வுக்கு ஓராண்டு முன்பே கனடாவின் வான்கூவர் நகரிலிருந்து வந்திருந்தது. தெரசா லியூ-ஆம்ப்ரோஸ் தலைமையில் 65 முதல் 75 வயது வரையிலான 155 பெண்களிடம் ஓராண்டு நடந்த ஆய்வு அது. சிலர் வாரத்துக்கு ஒருமுறையும் சிலர் இருமுறையும் தசைகளுக்கு வலுவூட்டும் எடைப் பயிற்சி செய்தார்கள். எஞ்சியவர்கள் சமநிலைப் பயிற்சி செய்தார்கள். எடைப் பயிற்சி செய்த இரு பிரிவினரும் கவனத்தைக் கட்டுப்படுத்தும் சோதனையில் முறையே 12.6 சதவீதமும் 10.9 சதவீதமும் முன்னேறினார்கள். அதே பெண்களின் மூளையின் மொத்தக் கொள்ளளவோ, சமநிலைப் பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட, சிறிதளவு குறைந்திருந்தது. எம்.ஆர்.ஐ. காட்டும் கொள்ளளவில் நரம்பணுக்கள் மட்டும் இல்லை. இரத்தக் குழாய்கள், நரம்பணுக்களைத் தாங்கும் துணை அணுக்கள், அவற்றின் கிளைகள், திசுக்களுக்கு இடையே உள்ள நீர் எல்லாம் சேர்ந்ததே அந்த எண். இரண்டு சதவீதம் கூடியது என்றால் எது கூடியது என்று படம் சொல்லாது.

புதிய நரம்பணுக்கள் பிறந்திருக்கலாம் என்ற நம்பிக்கை எலிகளிடமிருந்து வந்தது. 1999இல் கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தில் ஹென்றியட் வான் பிராக், ஃபிரெட் கேஜ் குழுவினர் எலிக்கூண்டில் ஒரு சுழல் சக்கரத்தை வைத்தார்கள். இஷ்டம்போல் ஓடிய எலிகளுக்கு ஹிப்போகேம்பஸில் புதிதாகப் பிறந்து தப்பிப் பிழைத்த அணுக்கள், ஓடாத எலிகளைவிட இரு மடங்கு இருந்தன. 2005இல் அதையே கிழட்டு எலிகளிடம் செய்து பார்த்தபோது, வயதால் குறைந்துபோயிருந்த அணுப் பிறப்பு இளம் எலிகளின் அளவில் பாதிக்கு மீண்டது. மனித மூளையிலும் முதுமைவரை இப்படி நடக்கிறதா என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. 2018ஆம் ஆண்டு ஒரே மாத இடைவெளியில் வெளிவந்த இரண்டு ஆய்வுகளில் ஒன்று, வளர்ந்த மனிதரிடம் புதிய நரம்பணுக்களைக் காணவே முடியவில்லை என்றது. மற்றொன்று 79 வயதுவரை அவை பிறக்கின்றன என்றது. இறந்தவரின் மூளையை எவ்வளவு நேரத்துக்குள், எந்த முறையில் பாதுகாத்தார்கள் என்பதே முடிவை மாற்றிவிடும் அளவுக்கு நுட்பமான சோதனை அது.

பி.டி.என்.எஃப். என்ற புரதத்தின் பெயரும் இந்தப் பேச்சில் தவறாமல் வரும். ஜெர்மனியின் மியூனிக் நகரில் இவ்ஸ் பார்ட், ஹான்ஸ் தோனென் ஆகியோர் 1982இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்த இந்தப் புரதம் நரம்பணுக்களுக்கு உரம் போன்றது. உடற்பயிற்சிக்குப் பின் இரத்தத்தில் இதன் அளவு கூடுகிறது. ஆனால் இரத்தத்தில் உள்ள பி.டி.என்.எஃப். பெரும்பாலும் தட்டணுக்களுக்குள் சேமித்து வைக்கப்பட்டிருப்பது. அதை அளந்துவிட்டு மூளையில் கூடிவிட்டது என்பது, வாசலில் பால் பாக்கெட்டைப் பார்த்துவிட்டு உள்ளே காபி தயார் என்று சொல்வதைப் போன்றது. என்னளவில் இதைவிட ஆர்வமூட்டுவது சான் ஃபிரான்சிஸ்கோவில் சால் வில்லேடா குழுவினர் 2020இல் காட்டியது. உடற்பயிற்சி செய்த கிழட்டு எலிகளின் இரத்தப் பிளாஸ்மாவை, சும்மா இருந்த கிழட்டு எலிகளுக்கு ஏற்றியபோது, ஓடாமலேயே அவற்றுக்கு ஓடியதன் பலன் ஓரளவு கிடைத்தது. அந்தப் பலனுக்குக் காரணமாக அவர்கள் கண்டுபிடித்த நொதி உருவாவது மூளையில் அல்ல, கல்லீரலில். தசை அசையும்போது கல்லீரல் உள்ளிட்ட உறுப்புகள் இரத்தத்தின் வழியாக மூளைக்கு எதையோ சொல்லி அனுப்புகின்றன என்ற பார்வை இதிலிருந்து வலுப்பெற்றது.

இவை எல்லாவற்றையும்விட உறுதியாகச் சொல்லக்கூடிய வழி ஒன்று உண்டு. அது கவர்ச்சியானது அல்ல, இரத்தக் குழாய். உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவீதம். ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் அதன் பங்கு சுமார் 20 சதவீதம். இவ்வளவு தீனி தின்னும் உறுப்புக்கு வழங்கல் முடி போன்ற நுண்குழாய்கள் வழியாக நடக்கிறது. ஆண்டுக்கணக்கில் கட்டுப்பாடின்றி இருக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் முதலில் கெடுப்பது இந்த நுண்குழாய்களைத்தான். அவை கெடும்போது மூளையின் உட்பகுதியில் செல்லும் இணைப்பு நார்களில் ஆங்காங்கே சிறு சேதங்கள் உண்டாகி, நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைக்கும் மற்றப் பகுதிகளுக்கும் நடுவே தகவல் போய்வருவது மந்தமாகிறது. உடற்பயிற்சி இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது, சர்க்கரையைத் தசைகள் பயன்படுத்த வைக்கிறது, குழாய்ச் சுவர்களை நெகிழ்வாக வைக்கிறது. இது பலரும் ஆராய்ந்து உறுதிசெய்த விஷயம். இரத்த அழுத்தத்தின் பங்கு எவ்வளவு என்பதற்கு, 9,361 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஸ்ப்ரிண்ட் மைண்ட் ஆய்வைச் சொல்லலாம். அழுத்தத்தின் மேல் எண்ணை 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவினரிடம், மறதி நோய்க்கு முந்தைய நிலையான இலேசான அறிவுத்திறன் குறைபாடு 19 சதவீதம் குறைவாக இருந்தது. அது மாத்திரையால் வந்த பலன். ஆனால் உடற்பயிற்சி எந்தக் கதவின் வழியாக மூளைக்குள் நுழைகிறது என்பதை அதுவும் காட்டுகிறது.

முன்மூளை செய்யும் வேலையை ஆங்கிலத்தில் நிர்வாகத் திறன் என்ற பொருளில் குறிப்பிடுவார்கள். சமையலறையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு அடுப்பில் பால் வைத்திருக்கிறீர்கள். இன்னொன்றில் குக்கர், இரண்டு விசில் வந்தாயிற்று, மூன்றாவதில் அணைக்க வேண்டும். கைப்பேசி ஒலிக்கிறது. எடுத்துப் பேசவும் வேண்டும், பால் பொங்குமுன் திரும்பவும் வேண்டும், விசில் கணக்கும் தவறக்கூடாது, பேசுகிறவர் சொல்லும் கல்யாணத் தேதியையும் மனதில் வாங்க வேண்டும். எழுபது வயதில் பலர் தடுமாறுவது இந்தத் தாவலில்தான். தேதி மறந்துபோவது அதன் விளைவு, ஏனென்றால் அது உள்ளே போகவே இல்லை. ஆய்வகத்தில் இதை அளக்கச் சிவப்பு என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதிக் காட்டி, சொல்லைப் படிக்காமல் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்வார்கள். படித்துப் பழகிய மூளை சொல்லையே முந்திக்கொண்டு உச்சரிக்கத் துடிக்கும். அதை அடக்கிப் பச்சை என்று சொல்ல எவ்வளவு நேரமாகிறது என்பதே அளவு.

இந்த வகைத் திறன்தான் உடற்பயிற்சிக்கு முதலில் அசைந்துகொடுக்கிறது. கிரேமர் குழுவினர் 1999இலேயே 60 முதல் 75 வயது வரையிலான 124 பேரிடம் ஆறு மாதம் நடத்திய ஆய்வில், நடந்தவர்கள் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதிலும், தேவையற்றதை ஒதுக்குவதிலும், தொடங்கிய செயலைப் பாதியில் நிறுத்துவதிலும் முன்னேறினார்கள். அத்தகைய கட்டுப்பாடு தேவைப்படாத சோதனைகளில் அந்த முன்னேற்றம் இல்லை. 2003இல் அதே குழுவினர் 18 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் இதே போக்குத் தெரிந்தது. அரை மணிக்கும் குறைவான பயிற்சியில் பலன் மிகச் சிறிது என்பதும், நடையோடு தசைப் பயிற்சியும் சேரும்போது பலன் கூடுகிறது என்பதும் அந்தத் தொகுப்பின் மற்ற இரு முடிவுகள். ஆக, ஞாபக சக்திக்காக நட என்று சொல்வதைவிட, ஒரே நேரத்தில் பலவற்றைச் சமாளிப்பதற்காக நட என்று சொல்வது சான்றுகளுக்கு நெருக்கமானது.

இத்துடன் நிறுத்தினால் கட்டுரை இனிமையாக முடிந்துவிடும். ஆனால் அதன்பின் வந்த பெரிய ஆய்வுகள் அவ்வளவு இனிமையானவை அல்ல. 70 முதல் 89 வயது வரையிலான 1,635 அமெரிக்கர்களிடம் இரண்டு ஆண்டுகள் நடந்து 2015இல் வெளியான லைஃப் ஆய்வில், நடையும் தசைப் பயிற்சியும் செய்தவர்களுக்கும், உடல்நல வகுப்புகளுக்கு வந்து உட்கார்ந்து கேட்டவர்களுக்கும் அறிவுத்திறனில் வேறுபாடு ஏதும் இல்லை. 80 வயதைக் கடந்தவர்களிடமும், தொடக்கத்திலேயே உடல்திறன் குறைவாக இருந்தவர்களிடமும் மட்டும் முன்மூளைத் திறனில் சிறு நன்மை தெரிந்தது. 585 பேரிடம் நடந்து 2022இல் வெளியான மெடெக்ஸ் ஆய்விலும் உடற்பயிற்சிக்கோ தியானப் பயிற்சிக்கோ உடல்நல வகுப்பைவிடக் கூடுதல் பலன் தென்படவில்லை.

இதற்கு விளக்கங்கள் உண்டு. இத்தகைய ஆய்வுக்குத் தாமாக முன்வருகிறவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், ஓரளவு நலமாக இருப்பவர்கள். நன்றாக இருக்கும் மூளையை இரண்டே ஆண்டுகளில் இன்னும் நன்றாக ஆக்கிக் காட்டுவது கடினம். ஒப்பீட்டுக் குழுவும் சும்மா வீட்டில் இருப்பதில்லை. வாரா வாரம் உடுத்திக் கிளம்பி, நாலு பேரைப் பார்த்து, புதிதாக ஏதோ கற்றுக்கொண்டு திரும்புகிறது. அதுவே மூளைக்கு வேலைதான். இல்லினாயில் நீட்டி வளைத்தவர்களும் நினைவுச் சோதனையில் முன்னேறியதற்கு இதுவும், அதே சோதனையை மீண்டும் எழுதிய பழக்கமும் காரணமாக இருக்கலாம். காலையில் எங்கள் தெருவில் நடக்கப் போகும் ஓய்வுபெற்றோர் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஐயம் வரும். நடக்கும் நேரம் நாற்பது நிமிடம் என்றால், டீக்கடை பெஞ்சில் அரசியல் பேசும் நேரம் அதைவிட அதிகம். எதிலிருந்து எவ்வளவு கிடைக்கிறது என்று யார் பிரிப்பது?

ஒருவேளை பிரிக்க வேண்டியதே இல்லையோ என்ற திசையில்தான் ஆய்வுகளும் நகர்ந்திருக்கின்றன. ஃபின்லாந்தில் மியா கிவிபெல்டோ தலைமையில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரிடம் உடற்பயிற்சி, உணவு, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து இரண்டு ஆண்டுகள் கொடுத்த ஃபிங்கர் ஆய்வு, 2015இல் சிறிய ஆனால் தெளிவான பலனைக் காட்டியது. அதே மாதிரியில் அமெரிக்காவில் 2,111 பேரிடம் நடந்து 2025இல் வெளியான பாயிண்டர் ஆய்வில், கூட்டம் வைத்துக் கட்டுக்கோப்பாக நடத்தப்பட்டவர்களும் தாமாகச் செய்துகொள்ளுமாறு விடப்பட்டவர்களும் இருவருமே முன்னேறினார்கள். கட்டுக்கோப்பாக நடத்தப்பட்டவர்களின் முன்னேற்றம் சற்றே அதிகம். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் மறதி நோய்க்கான, மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவை அனைத்தையும் நீக்க முடிந்தால் 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. அதில் உடலுழைப்பு இல்லாமையின் தனிப் பங்கு வெறும் 2 சதவீதம். காது கேளாமைக்குக் கொடுக்கப்பட்டது 7. இரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் பருமன் ஆகியவை தனித்தனி வரிகளாக அதே பட்டியலில் இருப்பதால், அவற்றின் வழியே உடற்பயிற்சி செய்யும் வேலை இந்த 2 சதவீதத்தில் முழுதாக அடங்காது. ஆனாலும் காது கேட்கும் கருவி வாங்க மறுத்துவிட்டு நடையை மட்டும் நம்பியிருக்கும் பெரியவருக்கு இந்தப் பட்டியலைக் காட்டலாம்.

நோய் வந்துவிட்டவர்களின் நிலை வேறு. இங்கிலாந்தில் இலேசானது முதல் மிதமானது வரையிலான மறதி நோய் உள்ள 494 பேரிடம் நான்கு மாதம் தீவிரப் பயிற்சி கொடுத்துப் பார்த்த டாபா ஆய்வு 2018இல் வெளியானது. உடல்திறன் கூடியது; ஆறு நிமிடத்தில் கூடுதல் தூரம் நடந்தார்கள். அறிவுத்திறனோ மேம்படவில்லை, ஓராண்டு முடிவில் பயிற்சி பெற்றவர்களின் மதிப்பெண் மற்றவர்களைவிடச் சற்றே மோசமாக இருந்தது. மறதி நோய் உள்ள தாயை அதிகாலையில் எழுப்பி வற்புறுத்தி நடக்க வைத்து, தினமும் ஒரு சண்டையோடு பொழுதைத் தொடங்கும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. விழாமல் இருக்க, தூக்கம் வர, பசி எடுக்க நடக்கலாம். நினைவு திரும்பும் என்பதற்காக வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் எளிமையானது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில் ஏதாவது ஒரு பயிற்சி, இரண்டு நாளாவது தசைக்கு வேலை, 65 வயதைக் கடந்தவர்களுக்கு மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் கலந்து. மிதமான வேகம் என்பதற்கு மருத்துவர்கள் சொல்லும் அடையாளம், நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது என்பது. நம்மவர்கள் நடையோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதும் தசைப் பயிற்சிதான் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

கடைசியாக, காரணமும் விளைவும் இடம் மாறி நிற்கும் ஒரு விஷயம். லண்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரை 1985 முதல் பின்தொடர்ந்துவரும் வைட்ஹால் ஆய்வின் தரவை 2017இல் அலசியபோது, நடுவயதில் எவ்வளவு உடற்பயிற்சி செய்தார்கள் என்பதற்கும் பின்னாளில் மறதி நோய் வந்ததற்கும் தொடர்பு தென்படவில்லை. மாறாக, நோய் வந்தவர்களின் உடலுழைப்பு, நோய் கண்டறியப்படுவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பிருந்தே குறையத் தொடங்கியிருந்தது. நடையை விட்டதால் மறதி வந்தது என்று குடும்பம் சொல்லும் கதையில், மறதி நோய் சத்தமில்லாமல் தொடங்கியதால்தான் நடையை விட்டார் என்பதும் இருக்கக்கூடும். குறுகிய காலமே பின்தொடர்ந்த பல ஆய்வுகளில் உடற்பயிற்சியின் பலன் பெரிதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூளையின் தடுமாற்றம் நடையில் தன்னைக் காட்டும் என்பதை ஸ்வீடனின் ஊமியோ நகரில் நடந்து 1997இல் வெளியான ஒரு மிகச் சிறிய ஆய்வு எந்தக் கருவியும் இல்லாமல் காட்டியது. முதியோர் இல்லத்தில் இருந்த 58 பேரோடு ஒருவர் கூடவே நடந்து, நடுவழியில் பேச்சுக் கொடுத்தார். பெரும்பாலோர் நடந்துகொண்டே பதில் சொன்னார்கள். 12 பேர் நின்றுவிட்டுப் பதில் சொன்னார்கள். அடுத்த ஆறு மாதத்துக்குள் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். காலை எடுத்து வைப்பதற்கும் சொல்லைத் தேடுவதற்கும் அவர்களுடைய மூளையில் ஒரே நேரத்தில் இடம் போதவில்லை என்று கருதலாம். மாலையில் அப்பாவோடு கடைத்தெருவுக்குப் போகும்போது, எந்த மாமா வீட்டுக் கல்யாணம் என்று கேட்டதும் அவர் ஒவ்வொரு முறையும் நின்று, யோசித்து, பதில் சொன்னபின்தான் மீண்டும் நடக்கிறார் என்றால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இரத்த அழுத்தத்தோடு இதையும் சொல்ல வேண்டும்.